சீல் பிரிக்காத பெட்டி

எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், இது இல்லையென்றால் அது, இரண்டே இரண்டுதான், இதற்குப் போய் உள்ளங்கை இப்படி வேர்க்கிறது. கடையில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வருகிறவர்களுக்காக இல்லை, கம்ப்யூட்டர்களுக்காக ஓடுகிறது, ஆனாலும் குளிர் எல்லோர் மேலும்தானே படுகிறது, அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், எனக்கு மட்டும் வேர்க்கிறது. வலது பக்க அலமாரியில் அட்டைப் பெட்டியோடு இருப்பது ரெடிமேட் கம்ப்யூட்டர். எங்கோ ஒரு தொழிற்சாலையில் மூடிய பெட்டி, ஒட்டிய டேப்பின் மேல் ஒரு கீறல் இல்லை, உள்ளே இருப்பதை இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் ஒயரைச் சொருகினால் ஓடும், ஓடாவிட்டால் கம்பெனியே ஆள் அனுப்பும். இடது பக்கம், கண்ணாடி மேசையின் மேல், கடைக்காரர் சென்னியப்பன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பது பாகங்கள். மதர்போர்டு ஒரு பெட்டி, ப்ராசஸர் ஒரு சின்னப் பெட்டி, ரேம், எஸ்எஸ்டி, மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ், இதையெல்லாம் உள்ளே வைத்து மூடுகிற காலிக் கேபினெட். அதே விலைக்கு அதைவிட நல்ல பொருள். மாட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. "மாட்டித் தர்றதுக்கு நானே உக்காந்துக்கறேனுங்க்கா, ரெண்டு மணி நேர வேலை" என்று அவர் சொன்னதற்கு அம்மா, "எம்புள்ள இருக்கறப்ப நீங்க எதுக்குங்க தம்பி செரமப்படறீங்க, கம்ப்யூட்டர் இன்ஜினியரு, அவளே மாட்டிக்குவா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ரேம் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எழுத்தைப் படித்தேன். ஏற்கெனவே படித்திருந்த எழுத்துதான்.

இப்போதே சொல்ல வேண்டியதில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். "ஞாயித்துக்கெழமை சாயங்காலம், ராகு காலம் ஓடிட்டிருக்குதுங்க்கா, இந்நேரத்துல எதுக்குப் பில்லுப் போட்டுட்டு, முடியட்டும், அதுக்குள்ள பாப்பா எதுன்னு யோசிச்சு வெக்கட்டும்" என்று சென்னியப்பன் சொன்னதும் அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே அம்மாவுக்கு அது நினைவு வந்து, "சித்தெ முன்னாடி கெளம்பியிருக்கோணும், எம்புத்தி" என்று தலையில் தட்டிக்கொண்டாள். இங்கே அதை அவராகவே சொல்கிற கடை கிடைத்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பனியன் கம்பெனியில் வாரம் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவள், ஓவர்லாக் மிசின் முன்னால், ஆனாலும் உட்காரக் கிடைத்தால் ஒரு சந்தோஷம் வருகிறது அவள் முகத்தில். எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று நான் யோசித்ததில்லை, இன்றைக்கு மட்டும் அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று இருக்கிறது. நாளைக் காலையில் வேலை ஆரம்பம். வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை, கோயம்புத்தூர்க் கம்பெனி, மற்றவர்கள் எழுதிய ப்ரோகிராமை ஓட்டிப் பார்த்துத் தப்பு எங்கே என்று சொல்ல வேண்டும், சொந்தமாக ஒரு நல்ல கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். முதல் நாளே "சார், என் கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்று போன் செய்கிறவளை யார் மூன்று மாதம் பார்ப்பார்கள். அம்மா எடுத்த சீட்டுப் பணம் அவளுடைய பர்சில் இருக்கிறது, பர்ஸ் ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது, அம்மா அடிக்கடி நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், சாமி கும்பிடுவதைப் போல.

அந்த ஊசிகளைத்தான் நினைக்கக் கூடாது என்று நினைத்தேன், நினைத்துவிட்டேன். மதர்போர்டின் நடுவில் ஒரு சதுரம், அதில் ஊசிகள், தலைமுடியைவிட மெல்லியவை, ஆயிரத்துக்கு மேல், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். அதன்மேல் ப்ராசஸரை வைக்க வேண்டும். வைக்க வேண்டும் என்றுகூட இல்லை, விட வேண்டும், தானாக உட்கார வேண்டும், அழுத்தினால் போயிற்று. ஒரு ஊசி வளைந்தாலும் போயிற்று, அதற்கு வாரண்டி கிடையாது, கை தவறி வளைத்தது யார் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். இந்த ஒரு வாரமாக வீடியோ பார்த்தேன், அம்மா தூங்கின பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்து. எல்லா வீடியோவிலும் மேசை வெள்ளையாக இருக்கிறது. கைகள் வேர்ப்பதில்லை. ஒருவன் சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் ப்ராசஸரை விட்டான், அது உட்கார்ந்தது, பக்கத்துக் கம்பியை மடக்கும்போது மட்டும் ஒரு சத்தம், நறநறவென்று, எதுவோ நொறுங்குகிற மாதிரி, "பயப்படாதீங்க, இப்படித்தான் சத்தம் வரும்" என்றான். நான் அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டேன். சரியாக மாட்டினாலும் நொறுங்குகிற சத்தம்தான் வரும் என்றால் உண்மையாகவே நொறுங்கும்போது எந்தச் சத்தம் வரும். அதை யாரும் வீடியோவில் போடவில்லை. பிளஸ் டூ பரீட்சையில் வேர்வை பட்டு விடைத்தாள் ஓரம் நைந்துபோனது, கைக்குட்டையை அடியில் வைத்துத்தான் எழுதினேன். கைக்குட்டையை அடியில் வைத்து ப்ராசஸர் மாட்ட முடியுமா. துணியில் மின்சாரம் இருக்குமாம், நிலைமின்சாரம், தொடுவதற்கு முன்னால் இரும்பைத் தொட வேண்டும், எங்கள் வீட்டில் இரும்பு என்ன இருக்கிறது, பீரோ இருக்கிறது, பீரோவைத் தொட்டுத் தொட்டு வந்து மாட்டுவதா, அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாலும் வைப்பாள்.

நான் சொல்லாமல் இல்லை. காலேஜ் சேர்ந்த முதல் வருஷமே சொல்லிப் பார்த்தேன். "அப்ப இனி கம்ப்யூட்டரெல்லாம் நீயே செஞ்சு போடுவ" என்று அம்மா சொன்னபோது, "அது வேறம்மா, நாங்க படிக்கறது வேற" என்று ஆரம்பித்தேன், கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு எப்படியெல்லாமோ சொன்னேன், எனக்கே அப்போது என்ன படிக்கிறேன் என்று தெளிவாகத் தெரியாது, நடுவில் இங்கிலீஷ் வார்த்தைகளாக வந்து விழுந்தன, அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள், அப்புறம் "செரி செரி, எனக்கென்ன தெரியும், நீ சாப்புடு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மேலே பேசியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, ஒரு கதவைச் சத்தம் வராமல் சாத்துகிற மாதிரி. அதற்குப் பிறகு நான் விளக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை எங்கே வந்துவிடுமோ என்று பாதியிலேயே நிறுத்திக்கொள்வேன். அம்மா என்ன நினைக்கிறாளோ நினைத்துக்கொள்ளட்டும், அந்த வார்த்தையை மட்டும் என்னால் அவள் சொல்ல வேண்டாம். அம்மா நினைத்துக்கொண்டாள். மிசினில் உட்கார்ந்தபடி பக்கத்து மிசின் வசந்தாமணியக்காவிடம் சொன்னாள், மேஸ்திரியிடம் சொன்னாள், டீக்கடையில் சொன்னாள். போன வாரம் வசந்தாமணியக்கா என்னை வழியில் பார்த்து, "ஏந் தாரணி, உனக்கு நீயே செஞ்சுக்கறயாமா, எம்பையனுக்கும் ஒண்ணு செஞ்சு குடு கண்ணு, கடையில கேட்டா கொள்ள வெல சொல்றான்" என்றார், பலகாரம் கேட்பதைப் போல. நான் சிரித்தேன். எதற்கெடுத்தாலும் சிரித்துவிடுகிறேன், சிரித்தால் சொன்னதாகவும் ஆகாது, சொல்லாததாகவும் ஆகாது.

காலேஜ் லேபில் கேபினெட்டெல்லாம் மேசைக்கு அடியில் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும், கூண்டுக்குப் பூட்டு, சாவி லேப் அசிஸ்டெண்டிடம். நமக்கு வெளியே வருவது கீபோர்டும் மவுசும் மட்டும். ஒரே ஒரு நாள் ஒரு செத்துப்போன கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினார்கள். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றோம், எனக்கு முன்னால் நின்றவளின் பின்னல்தான் தெரிந்தது, பின்னலில் வைத்திருந்த கனகாம்பரம் தெரிந்தது. கனகாம்பரத்தைப் பார்த்துக்கொண்டே ஹார்டுவேர் படித்தேன். ஆனால் படித்தது வீணா என்றால் அப்படியும் இல்லை, படித்ததில் எனக்குப் பிடித்தது உண்டு, சில நாள் லைப்ரரியில் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுப் பேனாவை மூடிவைத்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது அது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது. காலேஜ் ஃபீஸ் சலுகைக்காக முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினோம், தாலுகா ஆபீசில் அம்மாவும் நானும் நின்று. அதைக் கையில் வாங்கினபோது முதல் என்ற சொல் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது, முதல் ஆள் என்றால் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம், எந்தப் புஸ்தகம், எந்தக் கம்பெனி, இன்டர்வியூவுக்கு எந்தச் செருப்பு, கேட்பதற்கு ஆள் இல்லை. எனக்குப் பின்னால் இருக்கிற எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். அப்பா ஏடிஎம் கார்டைக் கொண்டுவந்து கொடுப்பார். சித்தப்பா ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, "பாரு சாமி, என்ன போட்டிருக்குது" என்பார். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். "இங்கிலீசுலதான போட்டிருக்குது" என்பார். அதுவும் நியாயம்தான். வாங்கிப் படிப்பேன். தெரியாது என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் நான் சொல்வதற்கு இல்லை, அது அவர்களுடைய வார்த்தை, அதற்காகத்தானே என்னைப் படிக்க வைத்தார்கள்.

கண்ணாடிக் கதவு திறந்து வெளியே இருந்த ஹாரன் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. ஒருவர் கேபினெட் ஒன்றைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார், பிரிண்டிங் பட்டறைக்காரர் என்று அவர் சட்டையில் இருந்த சாயமே சொன்னது. "ஏனப்பா சென்னி, வருசங்கூட ஆவுல, பட்டுனு நின்னுக்கிச்சு. அசெம்பிள் அசெம்பிள்னு சொல்லி எந்தலையில கட்டிட்டயே நீயி." "வாங்கண்ணா, உக்காருங்க, தண்ணி குடிங்க, அப்பறம் திட்டுங்க" என்று சென்னியப்பன் கேபினெட்டை வாங்கிப் படுக்க வைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பஞ்சு. எங்கள் ஊர்ப் பஞ்சு, நிட்டிங் கம்பெனிகளில் இருந்து காற்றில் வருவது, கொடியில் காய்கிற துணியில் ஒட்டுவது, சோற்றில்கூட விழுவது, அது ஃபேனைச் சுற்றி, ஒயரைச் சுற்றி, சாம்பல் நிறத்தில் திரண்டு கிடந்தது. "பாத்தீங்களாண்ணா? ஒரு தலகாணி தெக்கலாம்." "அதுக்கு?" "கட்டுனது நானு, பஞ்சு போட்டது நீங்க. மாசம் ஒருக்கா கொண்டாங்க, ஊதித் தர்றேன்னு சொன்னனா இல்லியா?" "எனக்கென்ன வேற வேல இல்லியா, உங்கடைக்கு மாசாமாசம் நடக்கறதுக்கு? அதுக்குத்தான் எம்மச்சான் சொன்னான், கம்பெனி ஐட்டமே வாங்குடான்னு." "கம்பெனி ஐட்டத்துக்குள்ளயும் இதே பஞ்சுதானுங்கண்ணா போகும், அது சீலு ஒட்டியிருக்கறதுனால கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டூலை நகர்த்திக் கிட்டத்தில் போய் எட்டிப் பார்த்தாள். அம்மா கம்ப்யூட்டரின் உட்புறத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பஞ்சை ஊதி எடுத்ததும் பச்சைப் பலகை தெரிந்தது. "இது என்ன கண்ணு, சீப்பு மாதிரி?" ரேம், என்றேன். "இது?" கடிகாரத்துக்கு பேட்டரி, கரண்ட் இல்லாதப்பவும் நேரம் மறக்காம இருக்கறதுக்கு. அம்மா சென்னியப்பனைப் பார்த்தாள், அவர் ஆமாம் என்று தலையாட்டினார், அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இது என்ன, குட்டிக் குட்டியா டப்பி மாதிரி, வரிசையா?" எனக்குத் தெரியவில்லை. ப்ராசஸருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சதுரமாக நின்றன, வீடியோக்களில் பார்த்திருக்கிறேன், யாரும் பெயர் சொல்லவில்லை. "அது பவர் சம்பந்தப்பட்டதும்மா" என்றேன். அம்மா தலையாட்டினாள். சென்னியப்பன் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார், காதில் விழுந்ததோ இல்லையோ.

பவர் சம்பந்தப்பட்டது. அதற்குள் இருக்கிற எதைத்தான் பவர் சம்பந்தப்பட்டது என்று சொல்ல முடியாது. இந்தக் கடையில் இருக்கிற எல்லாமும், தலைக்குமேல் சுற்றுகிற ஃபேன், ஏசி, அந்தக் கடிகாரம் எல்லாமே பவர் சம்பந்தப்பட்டதுதான். பொய்யில்லை. பொய்யில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு எதற்கு இப்படிக் காது சுடுகிறது. அம்மாவின் கண்ணில் ஒரு நிறைவு வந்துவிட்டது, அதுதான். பாத்தீங்களா தம்பி, எதைத் தொட்டாலும் சொல்றா என்கிற மாதிரி. இனி எப்படி ரெடிமேடைக் காட்டுவது. ரெடிமேட் என்றால், அப்ப நீ எதுக்குச் சாமி நாலு வருசம் படிச்ச என்று கேட்க மாட்டாள், அப்படிக் கேட்கிறவள் இல்லை, "செரி கண்ணு, உனக்குத் தெரியாததா" என்பாள், பஸ்ஸில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள், நாளைக்கு மிசினில் வசந்தாமணியக்கா கேட்கும்போது பேச்சை மாற்றுவாள். சரி, பாகங்களைக் காட்டினால். வீட்டுக்குப் போய்த் தரையில் பாய் விரித்து, பாய் இல்லை, பாயில் நிலைமின்சாரம் உண்டோ என்னவோ, அட்டைப் பெட்டியை விரித்து அதன்மேல் வைத்து, பீரோவைத் தொட்டு, ப்ராசஸரை எடுத்து, இரண்டு ஓரத்தை மட்டும் பிடித்து, அம்மா மூச்சுவிடாமல் பார்க்க, ஒரு துளி வேர்வை, மூக்கு நுனியில் இருந்து, அந்தச் சதுரத்துக்குள். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. இல்லை, யோசிக்கிறேன், எல்லாம் சரியாக மாட்டிவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம், பட்டனை அழுத்துகிறேன், ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. அம்மா கேட்கிறாள், என்னாச்சு கண்ணு. அப்போது என்ன சொல்வேன். பவர் சம்பந்தப்பட்டதும்மா. ஆனால் ஒன்று, இதையும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும், பயத்துக்கு அடியில் எங்கேயோ ஆசையும் இருக்கிறது, அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று, நான்கு வருஷமாகப் பாடத்தில் மட்டும் பார்த்த ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று. அம்மா இல்லாவிட்டால், நாளைக்கு வேலை இல்லாவிட்டால், கெட்டுப்போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய வீட்டில் பிறந்திருந்தால் இந்நேரம் பெட்டியைப் பிரித்திருப்பேன். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் அந்த வீடியோவெல்லாம் எடுக்கிறார்கள் போலிருக்கிறது. கெட்டுப்போவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

பட்டறைக்காரர் போய்விட்டார், கேபினெட் ஓட ஆரம்பித்துவிட்டது, "அடுத்த மாசம் கொண்டார்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார், "போன மாசமும் இதத்தான் சொன்னீங்க" என்று சென்னியப்பன் கதவு வரைக்கும் கத்தினார். தரையில் பஞ்சு உருண்டது. அவர் அதைக் கூட்டி அள்ளிவிட்டுக் கை கழுவினார், கடிகாரத்தைப் பார்த்தார், சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றினார். அம்மா எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பர்சை எடுத்தாள். ராகு காலம் இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நான் நினைக்கவில்லை. "சொல்லுங்க பாப்பா, எதுக்குப் பில்லுப் போடட்டும்?" என்றார் அவர், கையில் பேனாவோடு. அம்மா எனக்குப் பதிலாக அந்தப் பாகங்களின் பக்கம் கையை நீட்டினாள், நீட்டிவிட்டு, நானே சொல்லட்டும் என்று கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கை. சுட்டுவிரல் நுனியில் ஊசி ஏறின பழைய தழும்போடு. அது பாதியில் திரும்பிப் போனதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன், யோசித்துச் சொல்லவில்லை.

"ம்மா, எனக்குத் தெரியாதும்மா."

"எது கண்ணு?"

"இதை மாட்டறதுக்கு. நான் ஒருக்காகூட மாட்டுனதில்ல. எங்களுக்கு அது பாடமே இல்ல."

"நாலு வருசத்துலயுமா?"

"நாலு வருசத்துலயும்."

அம்மா என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். இப்போது வரும், எனக்கென்ன தெரியும் என்கிற அந்த வார்த்தை, நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அது வரவில்லை. அம்மா என் பக்கம் குனிந்து, கடைக்காரருக்குக் கேட்காமல் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நன்றாகக் கேட்கிற குரலில் சொன்னாள். "உங்க சித்தி பொண்ணு சீருக்கு சித்தியோட நாத்தனாரு ரவிக்கைத் துணி கொண்டாந்து குடுத்தாளே, நாந்தான் தெக்கோணும்னு."

"ஆமா, நீ தெச்சுக் குடுத்த. அளவு கச்சிதமா இருக்குதுன்னு மண்டபத்துல எல்லார்கிட்டயும் சொன்னாங்களே."

"நானெங்க தெச்சேன்? டெய்லர்கிட்டக் குடுத்துல்ல தெச்சேன். காசு குடுத்து. எனக்கு ரவிக்கை தெக்கத் தெரியாது."

"நீ டெய்லருதானம்மா?"

"கை மாட்ற டெய்லரு. பீசு வரும், ஓவர்லாக்குல கைய மாட்டி அடுத்த மிசினுக்குத் தள்ளி உட்ருவேன். கழுத்து ஒருத்தி போடுவா, அடி இன்னொருத்தி மடிப்பா. முழுசா ஒண்ணு நான் எங்க தெச்சேன், இத்தன வருசத்துல? டெய்லருன்னா எல்லாந் தெப்பான்னு நெனச்சுட்டாங்க. இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்பிடியே உட்டுட்டேன்."

"எங்கிட்டகூட நீ சொல்லல."

"நீ மட்டும் சொன்னயாக்கும்?" என்றாள் அம்மா.

சென்னியப்பன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "அக்கா, நான் கம்ப்யூட்டர்க்கடை வெச்சிருக்கறேன்னு எங்க மாமியா ஊட்டு மிக்ஸி ஓடலைன்னா எனக்குத்தானுங்க போனு வருது" என்றார். அம்மா திரும்பி, "நீங்க கேட்டுட்டுத்தான் இருந்தீங்களா" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்தோம், நான் சிரித்தது சிரிப்புத்தானா என்று தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது, குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

"அப்ப எது சாமி?" என்றாள் அம்மா.

"பெட்டியோட இருக்கறதும்மா. நாளைக்குக் காத்தால வேலைக்கு உக்காரோணும், இவரு மாட்டிக் குடுத்தாலும் நடுவுல நின்னுட்டா எனக்குப் பாக்கத் தெரியாது, இதுக்குக் கம்பெனியே ஆள் அனுப்பும்."

பேரம் எல்லாம் அம்மா பேசினாள், அதில் எனக்கு இடமில்லை. சென்னியப்பன் கம்ப்யூட்டரின் கூடவே ஒரு மவுஸ் பேடும் தூசி மூடுகிற உறையும் வைத்தார். பிறகு கண்ணாடி மேசையில் இருந்த பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினார். ப்ராசஸரின் சின்னப் பெட்டி கடைசியில் போயிற்று. அது உள்ளே போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. "பாப்பா, எப்பவாச்சும் சும்மா பழகிப் பாக்கோணும்னா வாங்க, பழைய போர்டு நெறையா கெடக்குது, கெட்டாலும் பரவால்ல" என்றார் அவர், சாதாரணமாக, பில்லைக் கிழித்துக்கொண்டே. வருகிறேன் என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நேற்றுச் சம்பளம் வாங்கின ஊரே துணிப்பைகளோடு நின்றது. பெட்டியைக் கல்பெஞ்சின் மேல் வைத்து அம்மா அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள். போன் அடித்தது. வசந்தாமணியக்கா. அந்தக் குரல் எனக்கே கேட்டது, வாங்கியாச்சா, புள்ள செய்யறாளா, எப்ப வந்து பாக்கறது என்று. அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். ரவிக்கையை மறைத்த மாதிரி இதையும் நானே செய்கிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன், சொன்னால் சொல்லட்டும், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன், எனக்காகத்தானே.

"இல்லக்கா" என்றாள் அம்மா. "கம்பெனியில செஞ்சதே வாங்கிட்டோம். அவ படிச்சது இதில்லையாமா, அது வேறயாமா." கொஞ்ச நேரம் கேட்டாள். "என்ன படிப்புன்னு எனக்கும் தெரியாதுக்கா. இனிமேத்தான் கேக்கோணும்."

போனைப் பர்சுக்குள் போட்டாள், பர்சை ஜாக்கெட்டுக்குள் போட்டாள்.

"என்னதான் கண்ணு படிச்ச?"

எங்கிருந்து ஆரம்பிப்பது. பாடங்களின் பெயர்கள் வந்தன, எல்லாம் இங்கிலீஷில், அவற்றை விட்டேன். லைப்ரரி ஜன்னல் நினைவு வந்தது. "ஒரு கணக்கு இருந்துதும்மா. எனக்கு அது ரொம்பப் புடிக்கும். ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போறதுக்கு எந்த வழி கிட்டன்னு கண்டுபுடிக்கறது."

"அதுக்கு எதுக்கு நாலு வருசம்? கண்டக்டரக் கேட்டாச் சொல்லிட்டுப் போறான்."

பக்கத்தில் நின்றவர்கூடச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நிறுத்துகிற இடம் இதுதான், எப்போதும் இங்கேதான் நிறுத்துவேன்.

"கண்டக்டரு அந்த வழியில போயிருக்கறாரு, அதனால சொல்றாரு. ஆயிரம் ஊரு இருக்குதுன்னு வெச்சுக்க, ஊருக்கு ஊரு பத்து ரோடு. எல்லா வழியிலயும் போயிப் பாக்காமயே இதுதான் கிட்டன்னு சொல்லோணும். தப்பாவும் இருக்கக் கூடாது."

"போயிப் பாக்காமயா?"

"ம்."

"அதெப்பிடி?"

எங்கள் பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறியது, கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "ஏறுங்க்கா, லக்கேஜ் பின்னாடி வெச்சுக்கலாம்" என்று கத்தினார். நான் பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். அம்மா அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"அடுத்த பஸ்ஸுல போய்க்கலாம்" என்றாள். "நீ சொல்லு."